லடாக்கில் இரவு எங்கே தூங்குகிறீர்கள்? உயர்மலை நோயின் கணக்கு

மே, ஜூன் மாதங்களில் லே விமான நிலையத்தில் கூட்டம் பெருகத் தொடங்கியதும் அந்தச் செய்தியும் தவறாமல் வந்துவிடுகிறது: லடாக்குக்குச் சுற்றுலா சென்ற இளைஞர் மூச்சுத்திணறி இறந்தார். இறந்தவருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. தினமும் உடற்பயிற்சி செய்பவர், எந்த நோயும் இல்லாதவர் என்று உறவினர்கள் சொல்லியிருப்பார்கள். ‘உயரமான இடம் என்பதால் அங்கே ஆக்சிஜன் குறைவு’ என்ற ஒரு வரியோடு செய்தி முடிந்துவிடும்.

அந்த ஒரு வரியால் எதுவும் விளங்குவதில்லை. ஆக்சிஜன் குறைவுதான் காரணம் என்றால், அதே விமானத்தில் வந்திறங்கிய மற்றவர்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? அதே ஊரில் எழுபது வயதுப் பாட்டி முதுகில் விறகுக் கட்டோடு மேட்டில் ஏறிப் போகிறாரே, அது எப்படி? உயரம் மட்டும் ஆளைக் கொல்வதில்லை. எவ்வளவு வேகமாக அந்த உயரத்துக்குப் போனோம், எந்த உயரத்தில் இரவு தூங்கினோம் என்ற இரண்டும்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. அந்த இரண்டையும் தீர்மானிப்பது, சுற்றுலா நிறுவனம் கையில் கொடுக்கும் பயணத்திட்டத் தாள்.

காற்றில் எது குறைகிறது?

சென்னைக் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். லேயிலும் அதே 21 சதவீதம்தான். எவரெஸ்ட் உச்சியிலும் அதுதான். குறைவது காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் அது 760 மில்லிமீட்டர் பாதரசம். லே நகரம் இருக்கும் 3,500 மீட்டரில் சுமார் 490. 5,500 மீட்டரில் 380, அதாவது சரிபாதி. ஒரே அளவு மூச்சை இழுத்தாலும் உள்ளே போகும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் அந்த விகிதத்தில் குறைந்துவிடுகின்றன.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், லேயிலிருந்து கர்துங் லா கணவாய்க்கு ஏறும் காரில் கிடக்கும் சிப்ஸ் பாக்கெட்டைப் பார்த்தால் போதும். சமவெளித் தொழிற்சாலையில் அடைத்த காற்று உள்ளே அப்படியே இருக்க, வெளியே அழுத்தம் இறங்கிக்கொண்டே போவதால், வளைவுக்கு வளைவு பாக்கெட் உப்பும். கணவாயை நெருங்கும்போது மடிப்பெல்லாம் நிமிர்ந்து, ஒட்டிய விளிம்பு பிரிந்துவிடும்போல விறைத்து நிற்கும். அந்தக் கணவாயின் பழைய பலகை 18,380 அடி என்று பெருமை பேசும். உண்மையான உயரம் 5,359 மீட்டர், அதாவது சுமார் 17,580 அடி. அதுவே தாராளமாகப் போதும்.

உயர்மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் தலைகாட்டுகிறது. நாம் ஏறிப் பழகிய மலைகளை இதோடு ஒப்பிட வேண்டும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர், உதகை 2,240. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். இலங்கையின் பிதுருதலாகல 2,524. தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்றாலும் அங்கே யாரும் இரவு தங்குவதில்லை; தேநீர் குடித்துவிட்டு இறங்கிவிடுகிறோம். ஆக, வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் ஒரே மூச்சில் ஏறியவருக்கும்கூடத் தன் உடல் 3,500 மீட்டரில் எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் சோதித்தது கால்களை. லே சோதிப்பது வேறொன்றை.

உடல் செய்யும் பதில் நடவடிக்கை

கழுத்துத் தமனிகளில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் கண்காணிக்கும் உணரிகள் இருக்கின்றன. அளவு குறைந்ததும் அவை மூளைக்குச் சேதி சொல்ல, மூச்சு வேகமெடுக்கிறது. இதயமும் வேகமாகத் துடிக்கிறது. இதெல்லாம் சில நிமிடங்களில் நடந்துவிடும். சிக்கல் இதற்குப் பிறகு வருகிறது.

1. வேகமாக மூச்சுவிடும்போது கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறி, ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது.

2. காரத்தன்மை கூடினால் மூளை ‘மூச்சைக் குறை’ என்று உத்தரவிடும். ஒரு பக்கம் ஆக்சிஜன் போதாது என்று முடுக்கம், மறுபக்கம் காரம் அதிகம் என்று தடை.

3. இந்த இழுபறியைத் தீர்ப்பவை சிறுநீரகங்கள். ரத்தத்தில் உள்ள பைகார்பனேட்டைச் சிறுநீரில் வெளியேற்றி அவை சமநிலையைக் கொண்டுவருகின்றன. ஆனால் அதற்குச் சில நாட்கள் வேண்டும். மலைக்கு வந்த புதிதில் அடிக்கடி சிறுநீர் கழிப்பது நல்ல அறிகுறி என்று சொல்வது இதனால்தான்.

4. பகலில் விழித்திருக்கும்போது நாம் எப்படியோ சமாளித்துவிடுகிறோம். தூக்கத்தில் அந்தத் தடை மேலோங்குகிறது. மூச்சு மெல்ல மெல்ல அடங்கி, சில விநாடிகள் நின்றே போய், பிறகு பெருமூச்சோடு மீண்டும் தொடங்கும். பக்கத்தில் படுத்திருப்பவர் பயந்து எழுப்பிவிடுவார். ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் தாழ்வது இந்த நேரத்தில்தான்.

மலை மருத்துவம் பகலில் தொட்ட உயரத்தைவிட இரவு தூங்கிய உயரத்தையே முக்கியமாகக் கணக்கிடுவது இதனால்தான். கர்துங் லாவில் கால் மணி நேரம் நின்று படம் எடுத்துவிட்டு இறங்குபவரைவிட, அதைவிட ஆயிரம் மீட்டர் தாழ்வான ஏரிக்கரையில் கூடாரத்தில் படுப்பவருக்கே ஆபத்து அதிகம்.

அந்தப் பாட்டியின் கதை வேறு. மிக உயரத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த திபெத்தியர்களின் உடலில் குறைந்த ஆக்சிஜனுக்கு ஏற்ற மரபணு மாற்றங்கள் இருப்பதை 2010இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. லடாக்கியர்களுக்கு அவர்களோடு நெருங்கிய வம்சத் தொடர்பு உண்டு. ஐந்து நாள் விடுமுறையில் வருபவர் அதற்கு ஆசைப்படுவதில் பயனில்லை.

நோய் மூன்று முகங்களில் வரும்

1. சாதாரண உயர்மலை நோய். வந்து சேர்ந்த 6 முதல் 12 மணி நேரத்தில் தலைவலி, அதோடு குமட்டல், சோர்வு, கிறுகிறுப்பு. ஏறுவதை நிறுத்தி ஓய்வெடுத்தால் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். ‘நேற்று சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை’, ‘வெயில் தலையில் ஏறிவிட்டது’ என்று இதற்கு நாமே ஒரு காரணம் கண்டுபிடிப்பதுதான் வழக்கம். புது உயரத்தில் தலைவலி வந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அது உயரத்தால் வந்தது என்றே கொள்ள வேண்டும்.

2. மூளை வீக்கம். முதலாவது முற்றினால் வருவது. தள்ளாட்டம், பேச்சுக் குழறல், குழப்பம். சோதிப்பது எளிது: குதிகாலும் விரலும் ஒட்டும்படி அடிமேல் அடிவைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். முடியாதவரை விடியும்வரை தூங்கவிடக் கூடாது. அந்த இரவே இறக்கியாக வேண்டும்.

3. நுரையீரலில் நீர் கோத்தல். உயிரிழப்புகளில் பெரும்பங்கு இதனுடையது. ஆக்சிஜன் குறைந்ததும் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. எல்லா இடத்திலும் ஒரே சீராகச் சுருங்காததால், சுருங்காத பகுதிகளில் அழுத்தம் எகிறி, நுண்குழாய்களிலிருந்து நீர் காற்றறைகளுக்குள் கசிகிறது. பெரும்பாலும் இரண்டாம் இரவுக்குப் பிறகே வெளிப்படும். தலைவலியே இல்லாமலும் வரலாம் என்பதால் ஏமாற்றிவிடும். வறட்டு இருமல், நேற்று ஏறிய அதே படியில் இன்று ஏற முடியாமை, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு என்று வளர்ந்து, இளஞ்சிவப்பு நுரையோடு சளி வந்தால் நிலைமை கைமீறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

உடல்வலு இவற்றிலிருந்து காப்பதில்லை. சொல்லப்போனால் வலுவுள்ளவர்தான் முதல் நாளே லேயின் குன்றின் மேலுள்ள சாந்தி ஸ்தூபிக்குப் படியேறுகிறார், தலைவலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்கிறார்.

ராணுவம் கற்ற பாடம்

இந்த நோய்களைப் பற்றி உலகம் அறிந்ததில் இந்திய ராணுவத்தின் பங்கு பெரிது. 1962இல் சீனாவுடனான போரின்போது சமவெளியில் இருந்த வீரர்கள் அவசர அவசரமாக விமானத்தில் இமயமலை முனைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். உடலைப் பழக்க நேரம் இல்லை. குண்டு படாமலே வீரர்கள் நோயில் விழுந்தார்கள். ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் சக மருத்துவர்களும் 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடிப்படை ஆவணங்களில் ஒன்று.

அந்த அனுபவத்தின் விளைவாக ராணுவம் இன்றும் மூன்று படிகளில் வீரர்களைப் பழக்குகிறது: 9,000 முதல் 12,000 அடிவரை 6 நாட்கள், 12,000 முதல் 15,000 அடிவரை 4 நாட்கள், அதற்கு மேல் இன்னொரு 4 நாட்கள். முதல் இரண்டு நாட்களும் ஏறக்குறைய முழு ஓய்வு. பயிற்சி பெற்ற இளம் வீரருக்கு 15,000 அடியைத் தாண்டிப் பணியாற்ற மொத்தம் 14 நாள் ஒதுக்குகிறார்கள். மேசைமுன் வேலை பார்ப்பவருக்குப் பயணத்திட்டம் எத்தனை நாள் ஒதுக்குகிறது என்று இனிப் பார்க்கலாம்.

ஐந்து நாள் பேக்கேஜைப் பிரித்துப் பார்த்தால்

மலை மருத்துவர்களின் பொதுவிதி இது: 3,000 மீட்டருக்கு மேல், ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே தூங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் கூடுதலாக ஓர் இரவு. லடாக் நிர்வாகமும் விமானத்தில் வருபவர்கள் லேயில் 48 மணி நேரமாவது ஓய்வெடுக்க வேண்டும் என்று அறிவுறுத்துகிறது.

சந்தையில் அதிகம் விற்கும் திட்டம் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

1. முதல் நாள்: விமானத்தில் லே. இரவு 3,500 மீட்டர். முந்தைய இரவு டெல்லியிலோ சென்னையிலோ கடல் மட்டத்தை ஒட்டி. ஒரே தாவலில் 3,000 மீட்டருக்கு மேல். விதி இங்கேயே உடைந்துவிட்டது.

2. இரண்டாம் நாள்: கர்துங் லா வழியாக நுப்ரா பள்ளத்தாக்கு. இரவு ஹுண்டர் மணல்மேடுகளின் பக்கத்தில், சுமார் 3,100 மீட்டர். தூங்கும் உயரம் லேயைவிடத் தாழ்வு என்பதால் இந்த இரவு பரவாயில்லை. ஆனால் நோய் தலைதூக்கும் அதே நாளில் 5,359 மீட்டர் கணவாயைத் தாண்ட வைக்கிறார்கள்.

3. மூன்றாம் நாள்: பாங்காங் ஏரி. இரவு ஏரிக்கரைக் கூடாரத்தில், சுமார் 4,250 மீட்டர். ஒரே நாளில் 1,100 மீட்டர் கூடுதல். நுரையீரலில் நீர் கோப்பதற்கு உரிய காலக்கணக்கும் சரியாக இங்கே வந்து பொருந்துகிறது.

4. நான்காம் நாள் லே, ஐந்தாம் நாள் விமானம்.

இந்தத் திட்டத்தில் போய்த் திரும்புபவர்களில் பெரும்பாலோர் தலைவலியோடு தப்பிவிடுகிறார்கள் என்பதே இது தொடர்ந்து விற்பதற்குக் காரணம். லேயில் இன்னும் இரண்டு இரவு, ஏரியில் தங்காமல் பகலிலேயே திரும்புதல் என்ற இரண்டு திருத்தங்கள் போதும், கணக்கு பெரிதும் மாறிவிடும். ஏரியில் தங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பயணத்தின் கடைசிப் பகுதியில் வைத்துக்கொள்ளலாம்.

நடந்து போகிறவர்களுக்கு ஒரு சாதகம் உண்டு: கால் வேகத்துக்கு மேல் ஏற முடியாது. மார்கா பள்ளத்தாக்கு நடைப்பயணத்தில் மார்கா கிராமம் சுமார் 3,700 மீட்டர். அங்கிருந்து நிமாலிங் மேய்ச்சல் வெளிக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஏற்றம். இடையில் பாதி ஏற்றத்தில் உள்ள ஓரிடத்தில் ஓர் இரவு கூடாரம் போட்டால் விதிக்குள் அடங்கிவிடும். அந்த ஓர் இரவை மிச்சம்பிடிக்கும் திட்டங்களும் இருக்கின்றன. தாளில் அது ‘ஒரு நாள் குறைவு’ என்று கவர்ச்சியாகத்தான் தெரியும்.

‘இறங்கு’ என்றால் எங்கே இறங்குவது?

உயர்மலை நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. 300 முதல் 1,000 மீட்டர் இறங்கினாலே பலருக்கு உயிர் திரும்பிவிடும். நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவார முகாம் போகிறவருக்கு இது எளிது. வந்த வழியே திரும்பினால் இறக்கம்தான். லடாக்கின் நிலவமைப்பு அப்படி இல்லை. பல தங்குமிடங்கள் கிண்ணத்தின் அடியில் இருப்பதுபோல நாற்புறமும் கணவாய்களால் சூழப்பட்டவை.

பாங்காங்கில் நள்ளிரவில் ஒருவருக்கு மூச்சு முட்டினால், லே மருத்துவமனைக்குப் போகும் நேர்வழி சுமார் 5,360 மீட்டர் உயரச் சாங் லா கணவாயைத் தாண்டித்தான் போகிறது. ஏற்கெனவே ஆக்சிஜன் போதாதவரை இன்னும் ஆயிரம் மீட்டர் மேலே ஏற்றினால்தான் கீழே கொண்டுபோக முடியும். கணவாய்க்கு இப்புறமே உள்ள தாங்சே கிராமம் ஏரியைவிட ஏறத்தாழ 300 மீட்டர் தாழ்வு. முதலில் அங்கே போய் ஆக்சிஜன் கொடுத்துவிட்டு மற்றதை முடிவு செய்வது நல்லது. ஷியோக் ஆற்றை ஒட்டி நுப்ராவுக்கு இறங்கும் சாலை கணவாய் இல்லாத மாற்று வழி. வெள்ளக்காலத்தில் அதை நம்பியிருக்க முடியாது.

மணாலியிலிருந்து லேக்கு வரும் சாலையில் உள்ள சர்ச்சு இதைவிட மோசம். சுமார் 4,290 மீட்டர் உயரக் கூடார ஊர். தெற்கே பாராலாச்சா கணவாய், கிட்டத்தட்ட 4,900 மீட்டர். வடக்கே 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுலுங் லா. எந்தப் பக்கம் போனாலும் முதலில் ஏற்றம். இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகும் குழுவிடம் முழு அளவு ஆக்சிஜன் சிலிண்டரோ, நோயாளியை உள்ளே வைத்துக் காற்றடித்து அழுத்தத்தைக் கூட்டும் பையோ இருக்கிறதா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

கைப்பையில் இருப்பவை

அசிட்டசோலமைடு. டயமாக்ஸ் என்ற பெயரில் தெரிந்த மாத்திரை. சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றும் வேலையை விரைவுபடுத்துகிறது. அறிகுறிகளை மூடி மறைப்பதில்லை. பெரியவர்களுக்கு வழக்கமான தடுப்பு அளவு 125 மில்லிகிராம், நாளைக்கு இருவேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. விரல் நுனிகள் குறுகுறுக்கும், சோடா சப்பென்றிருக்கும், பயப்பட வேண்டாம். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களும் வேறு மருந்து எடுப்பவர்களும் இருப்பதால் மருத்துவரைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். மாத்திரை போட்டுவிட்டோம் என்று வேகத்தைக் கூட்டினால் போட்டதும் வீண்.

கற்பூரம். முகர்ந்தால் மூக்கில் குளிர்ச்சி தெரியும். ரத்தத்தில் ஆக்சிஜன் கூடாது.

கேன் ஆக்சிஜன். லே கடைகளில் கிடைக்கும் கையடக்க டப்பா சில நிமிடங்களுக்கு மேல் வராது. ஓர் இரவைத் தாண்டவைக்க அதை நம்பக் கூடாது.

ஆக்சிமீட்டர். கொரோனா காலத்தில் வாங்கியது வீட்டில் கிடக்கும், எடுத்துப் போகலாம். ஆனால் சென்னையில் பதறவைக்கும் 88 என்ற எண், லேயில் வந்த புதிதில் பலருக்கும் சாதாரணம். விரல் குளிர்ந்திருந்தால் தப்பாகவும் காட்டும். எண்ணைவிட, அதே குழுவில் மற்றவர்களைக் காட்டிலும் ஒருவருக்கு மட்டும் வெகுவாகத் தாழ்ந்திருக்கிறதா, உட்கார்ந்த இடத்தில் மூச்சிரைக்கிறதா என்பதே முக்கியம்.

மதுவும் தூக்க மாத்திரையும் மூச்சை மட்டுப்படுத்துபவை. முதல் இரவுகளில் இரண்டும் வேண்டாம்.

பாலைவனமும் கூட இருக்கிறது

லடாக் மலைநாடு மட்டுமல்ல, குளிர்ப் பாலைவனமும்கூட. லேயில் ஆண்டு மழைப்பொழிவு சுமார் 100 மில்லிமீட்டர்தான். வறண்ட காற்றில் வியர்வை தெரியாமலே உலர்ந்துவிடும். வேகமான மூச்சோடும் நீர் போய்க்கொண்டிருக்கும். நீர்ச்சத்துக் குறைவின் தலைவலியும் உயர்மலை நோயின் தலைவலியும் ஒரே மாதிரி இருப்பதால் குழப்பம் கூடுகிறது. அதற்காக லிட்டர் லிட்டராகக் குடித்தால் நோய் வராது என்பதும் தவறு. சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்கும் அளவுக்குக் குடித்தால் போதும். புற ஊதாக் கதிர் ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் சுமார் 10 சதவீதம் கூடுவதால், பனியில் நடப்பவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே கூடாது.

கூடாரத்தில் தங்குபவர்கள் இரண்டு விஷயங்களில் ஏமாறுகிறார்கள்.

முதலாவது நெருப்பு. 4,700 மீட்டரில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி வேகாது, குக்கர் இல்லாவிட்டால் அடுப்பு வெகுநேரம் எரியும். குளிருக்குப் பயந்து கூடாரத்தின் வாயிலை மூடிக்கொண்டு உள்ளேயே சமைப்பதும், கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்குவதும் உயிருக்கு உலை. கார்பன் மோனாக்சைடு மணக்காது. ஆக்சிஜனைச் சுமக்க வேண்டிய ஹீமோகுளோபினை அது பிடித்துக்கொள்கிறது. ஏற்கெனவே ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தில் இன்னொரு கொள்ளை.

இரண்டாவது தண்ணீர். மழையே பெய்யாத ஊரில் வெள்ளமா என்று தோன்றும். 2010 ஆகஸ்ட் 5ஆம் தேதி நள்ளிரவு லேயிலும் சுற்றுக் கிராமங்களிலும் கொட்டிய மழையில் சேறும் பாறையுமாக வெள்ளம் இறங்கி இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மண்ணைப் பிடித்துவைக்க மரஞ்செடி இல்லாத சரிவுகளில் சிறு மழையும் பெருவெள்ளமாகிவிடும். தட்டையாக, மணலாக, கூடாரம் அடிக்க வசதியாகத் தோன்றும் வறண்ட ஓடைப்படுகைதான் அந்த வெள்ளத்தின் பாதை. மழையே இல்லாவிட்டாலும் பனியாற்று ஓடைகள் பகல் வெயிலில் உருகிச் சேர்ந்து மாலையில் பெருகும். காலையில் கணுக்கால் அளவு இருந்தது மாலையில் தொடையைத் தொடும். ஓடையைக் கடப்பதை விடிகாலையில் வைத்துக்கொள்கிறார்கள் உள்ளூர் வழிகாட்டிகள்.

எந்த வழியாகப் போவது?

விமானம் வேகமானது, அதனாலேயே உடலுக்குக் கடுமையானது. ஸ்ரீநகர் சாலை நிதானமானது: ஸ்ரீநகர் 1,585 மீட்டர், கார்கில் சுமார் 2,680, பிறகு ஆல்ச்சி போன்ற 3,100 மீட்டர் ஊரில் ஓர் இரவு, அதன்பின் லே. ஏற்றம் தானாகவே படிப்படியாக அமைந்துவிடுகிறது.

மணாலி சாலையில்தான் கவனம் வேண்டும். 2020இல் அடல் சுரங்கப்பாதை திறந்தபின் ரோதாங் கணவாயைச் சுற்ற வேண்டியதில்லை. காலையில் 2,050 மீட்டர் மணாலியில் கிளம்புபவர் அன்று மாலையே சர்ச்சுக் கூடாரத்தில் படுத்துவிடலாம். ஒரே நாளில் தூங்கும் உயரம் 2,200 மீட்டருக்கு மேல் எகிறுகிறது. சாலை மேம்பட்டதால் ஆபத்து கூடிய விசித்திரம் இது. சுமார் 3,200 மீட்டரில் உள்ள ஜிஸ்பாவில் இரண்டு இரவு தங்கி, மூன்றாம் நாள் விடியுமுன் கிளம்பி, எல்லாக் கணவாய்களையும் ஒரே பகலில் தாண்டிவிட்டால் அன்றிரவு லேயில் தூங்கலாம். நீண்ட, முதுகு ஒடிக்கும் நாள்தான். சர்ச்சுக் கூடார வாடகை மிச்சம்.